வெள்ளிக்கிழமைக்குள் ஓர் ஓநாய்: புத்தகமா, அச்சுத் தாளா, பெட்டியா, முகமூடியா, பைப் பொம்மையா?

பாடசாலை விடுகிற நேரத்தில் வாசலில் நிற்கும் அம்மாமாரின் பேச்சில் பாதி, நாளைக்கு எதைக் கொண்டுவரச் சொன்னார்கள் என்பதுதான். போன மாதம் ஒரு தங்கை என்னைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, வெள்ளிக்கிழமைக்கு ஓநாய் ஒன்று செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகம் வாங்கி நிறம் தீட்ட விடுவதா, முகமூடி செய்வதா, பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அதை வாங்குவதா?" பதில் சொல்வதற்குள் அவருடைய வேன் வந்துவிட்டது. அதன் பிறகு இன்னும் இரண்டு பேர் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

கொழும்புப் பிள்ளைக்கு ஓநாய் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1916இல் பேடன்-பவல் குருளைச் சாரணரைத் தொடங்கியபோது ஓநாய்க் கூட்டத்தையே உருவகமாக எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் குருளைகள், வழிநடத்துபவர் அகேலா. ஏழு வயதில் என் மகன் அதில் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் ஓநாய் வசிக்கிறது. முன்பள்ளிகளில் விலங்கு வாரம், விநோத உடைப் போட்டி என்று வேறு வழிகளாலும் அது வந்து சேரும்.

இந்தத் தீவில் காட்டு ஓநாய் கிடையாது. நமக்கு நரி உண்டு, ஓநாய் பாக்கு நீரிணைக்கு அப்பால்தான். அதனால் நம் பிள்ளைகள் ஓநாயைப் படத்தில் மட்டுமே காண்கிறார்கள். நாம் கையில் கொடுக்கிற படம் பிழையென்றால் அவர்கள் மனதில் தங்குகிற ஓநாயும் பிழைதான்.

எதைப் பார்த்துத் தெரிவுசெய்வது?

விலையை முதலில் பார்ப்பதுதான் வழக்கம். நான் அதை இரண்டாவதாக வைக்கிறேன். முதலாவது கேள்வி: வேலை செய்வது யாருடைய கை? நம் ஊரில் பிள்ளையின் செயற்றிட்டத்துக்கு அம்மா இரவு பதினொரு மணி வரை கண் விழிப்பதும், காட்சிப்படுத்தும் நாளில் அம்மாமாரின் கைவேலைகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதும் புதிதல்ல. நான்கு வயதுப் பிள்ளைக்குக் கத்தரிக்கோல் வளையாது, ஆனால் கடதாசியைக் கிழிக்கத் தெரியும். ஏழு வயதில் நேர்கோட்டில் வெட்டும், உள்ளே துளை வெட்டாது. இந்த எல்லையைத் தாண்டிய எந்த வேலையும் கடைசியில் உங்கள் மடியில்தான் வந்து விழும்.

அடுத்தது முழுச் செலவு. ஸ்ரேஷனரி விலை அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கு எழுதப் போவதில்லை. வாங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது, எது வீணாகிறது, உங்கள் நேரம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, கொழும்பின் காற்று. கடலோர ஈரத்தில் பசை காய்வதற்கு நேரமெடுக்கும், மெல்லிய அட்டை வளையும். மின்விசிறியைப் போட்டால் வெட்டிய துண்டுகள் பறக்கும், நிறுத்தினால் பிள்ளையின் வியர்வை படத்தில் சொட்டும். முற்றம் இல்லாத வீடுகளில் சாப்பாட்டு மேசையே வேலைமேசை என்பதால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் துடைத்தெடுக்க முடிய வேண்டும்.

நான்காவது, முடிவில் கிடைப்பது ஓநாயா? என் மகனின் முதல் ஓநாயைப் பார்த்துவிட்டு அவனுடைய மாமா, "நல்ல நாய்" என்றார். பையன் அன்று சாப்பிடவில்லை. வித்தியாசம் காட்டுவது கடினமல்ல. வால் மேலே சுருண்டால் தெருநாய், கீழே தொங்கினால் ஓநாய். காது பெருத்து முகம் மெலிந்தால் நரிப் பக்கம் போய்விடும். ஓநாய்க்குக் கால் நீளம், நெஞ்சு ஒடுக்கம், பாதம் பெரிது. வளர்ந்த ஓநாயின் கண் மஞ்சள் அல்லது தேன் நிறம். பொம்மைக் கடையில் காணும் நீலக்கண் குட்டிகளுக்குத்தான், அதுவும் சில மாதங்களில் மாறிவிடும்.

அவசரக்காரருக்காக முதலில் அட்டவணை:

| தெரிவு | யாருடைய கை | மறைந்திருக்கும் செலவு | மேசை துடைக்கும் வேலை | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| வண்ணம் தீட்டும் புத்தகம் | முழுக்கப் பிள்ளை | ஓநாய்ப் பக்கம் குறைவு | இல்லை | பயணம், காத்திருப்பு, காய்ச்சல் |
| அச்சிட்ட ஒற்றைத் தாள் | பிள்ளை. படம் தேடுவது நீங்கள் | தேடும் நேரம் | மிகக் குறைவு | பல பிள்ளைகள், ஒரே மாலை |
| கைவினைப் பெட்டி | பெரும்பாலும் அம்மா | காய்ந்த பசை, மிச்சப் பொருள் | நடுத்தரம் | பிறந்தநாள் பரிசு |
| அட்டை முகமூடி | பாதிக்குப் பாதி | இரண்டு நாள் | அதிகம் | விநோத உடைப் போட்டி |
| கடதாசிப் பைப் பொம்மை | பெரும்பாலும் பிள்ளை | பை தேடுவது | குறைவு | கதை சொல்ல, விளையாட |

வண்ணம் தீட்டும் புத்தகம்

எதுவும் யோசிக்காமல் வாங்கக்கூடியது இதுதான். காலி வீதியின் புத்தகக் கடைகளிலும், ஆண்டுதோறும் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியிலும் அடுக்கடுக்காகக் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் ஓநாய்க்கென்று தனிப் புத்தகம் கிடைப்பது அரிது. காட்டு விலங்குகள் என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே சிங்கம் நான்கு முறை வரும், ஓநாய் ஒரு முறை வந்தால் அதிர்ஷ்டம். அந்த ஒரு பக்கத்தை முதல் நாளே முடித்துவிட்டால் மிச்சப் பக்கங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ போகும். நான் வாங்கிய புத்தகம் ஒன்றில் இரு பக்கமும் அச்சடித்திருந்தார்கள். மகன் ஃபெல்ட் பேனாவால் தீட்டிய ஓநாயின் கறுப்பு, மறுபக்கத்து முயலின் முதுகில் ஊறி நின்றது. வாங்குமுன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கக் கோடு தெரிந்தால் நிறப்பென்சிலுக்கும் பெஸ்டலுக்கும் மட்டுமே தாங்கும்.

ஆனாலும் புத்தகத்தை நான் கைவிடவில்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் நிற்கும்போதும், அக்காவின் ரியூஷன் முடியும் வரை படிக்கட்டில் தம்பி காத்திருக்கும்போதும், யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் ஏறும்போதும் இதற்கு நிகர் வேறில்லை. பசை இல்லை, துண்டு துணுக்கு இல்லை, மூடி வைத்துவிட்டு இறங்கலாம்.

அச்சிட்ட ஒற்றைத் தாள்

இணையத்தில் ஓநாய்ப் படங்கள் வேண்டிய மட்டும் கிடக்கின்றன. ஒன்றை இறக்கி, முனையில் இருக்கும் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒரு புத்தகத்தின் விலைக்குத் தாள் பல வரும். பார்க்க மிக மலிவு. செலவாவது உங்கள் மாலை நேரம். அழுத்துகிற இடமெல்லாம் விளம்பரம் திறக்கும், கடைசியில் பணம் கட்டச் சொல்லும். இப்போது கணினி தானாக வரைந்த படங்களும் கலந்துவிட்டன. அப்படி நான் அச்சிட்ட ஒரு தாளில் ஓநாய்க்கு ஐந்து கால். நான் கவனிக்கவில்லை, மகள் எண்ணிச் சொன்னாள்.

தொழில்நுட்பமாக ஒரு விடயம் மட்டும் தெரிந்திருந்தால் போதும். மை தெளிக்கிற சாதாரண அச்சு இயந்திரத்தில் எடுத்த கோடு, தூரிகை நீர் பட்டதும் கரைந்து ஓநாயின் முகம் சாம்பல் குழம்பாகும். போட்டோக்கொப்பி இயந்திரத்தின் கறுப்பு, வெப்பத்தில் உருகி ஒட்டிய தூள் என்பதால் கரையாது. ஆகவே நீர்வர்ணம் தீட்டப் போவதானால் ஒரு தாளை அச்சிட்டு அதைப் பிரதியெடுங்கள். சாதாரண ஏ4 தாள் நனைந்தால் அலையடிக்கும், அது வேறு கதை.

இந்த வழியின் உண்மையான பலம் ஒரே கோட்டுப் படத்தை நான்கு பிரதி எடுக்கலாம் என்பது. எங்கள் வீட்டில் ஒன்றை வெள்ளையாக விட்டோம், அது ஆர்க்டிக் ஓநாய். ஒன்று சாம்பல். ஒன்று மணல் நிறத்தில் சற்றுச் செம்மை கலந்தது, அது இந்திய ஓநாய், நமக்குக் கிட்டிய சொந்தக்காரன். நான்காவது கன்னங்கறுப்பு. அந்தக் கறுப்பு நிறத்துக்குக் காரணமான மரபணு வட அமெரிக்க ஓநாய்களுக்கு ஆதியில் நாய்களிடமிருந்தே வந்தது என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதைச் சொன்னதும் மகன், "அப்படியென்றால் மாமா சொன்னதும் சரிதானே" என்று கேட்டு என்னை மடக்கினான்.

வீட்டில் பிள்ளைகள் பலர், நேரம் ஒரு மாலை என்றால் இதைத்தான் எடுப்பேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் இதுவே பொருந்தும். அந்தப் பிள்ளையிடம் அரை மணி நேரத்துக்கு மேல் ஓநாய்க்கு இல்லை. தாளின் பின்பக்கத்தை வீசிவிடாதீர்கள். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்த ஊர் இது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்கள் குப்பைக்குப் போவதில்லை.

கைவினைப் பெட்டி

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கோபம் இன்னும் ஆறவில்லை. வெட்டிய ஃபெல்ட் துணி, பிளாஸ்டிக் கண், பசை, விளக்கத்தாள் எல்லாம் உள்ளே இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருந்தது. பசைக் குழாய் கல்லாகக் காய்ந்திருந்தது. விளக்கத்தாளில் நமக்குத் தெரியாத மொழி. ஊசி கோக்கிற வேலையை ஆறு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தார்கள், நாற்பதுக்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். பிள்ளை கண்களை மட்டும் ஒட்டிவிட்டுப் போனான், மிச்சத்தைத் தைத்தது நான். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் குட்டிக் கண்கள் தொண்டைக்கு ஆபத்து.

பரிசாகக் கொடுக்கப் பெட்டி அழகுதான். எட்டு ஒன்பது வயதில், தைப்பதில் ஆசையுள்ள பிள்ளையானால் உட்கார்ந்து செய்யும். வாங்குகிற இடத்திலேயே பெட்டியைத் திறந்து பசையை அமுக்கிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள்.

அட்டை முகமூடி

இதற்கு இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் வெட்டி ஒட்டி, இரவு காயவிட்டு, அடுத்த நாள் நிறம். வியாழன் பின்னேரம் தொடங்கினால் வெள்ளி காலை ஈர முகமூடியோடுதான் பிள்ளை வேனில் ஏறும்.

அடிப்படைக்கு ஒரு பிரிஸ்டல் அட்டை. ஒன்றிரண்டுக்குத் தெருமுனைக் கடை போதும். வகுப்புக்கே செய்வதானால் புறக்கோட்டை மலிபன் வீதிக்குப் போய்க் கட்டாக வாங்குவது இலாபம், ஆனால் நடுப்பகலில் போகாதீர்கள். மிச்சமெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. முப்பது முட்டை வைக்கும் தட்டு இயல்பிலேயே ஓநாய்ச் சாம்பல் நிறம். நடுவில் கூம்பாக நிற்கும் துண்டை வெட்டினால் அதுவே மூஞ்சி. முட்டை உடைந்து ஒட்டிய தட்டை விட்டுவிட்டு, சுத்தமானதாகப் பார்த்து எடுக்க வேண்டும். உரோமத்துக்கு இரண்டு வழி. பழைய பத்திரிகைத் தாளை விரல் நீளத்துக்குக் கிழித்து, ஒரு நுனியை மட்டும் ஒட்டி, காதிலிருந்து கன்னம் நோக்கி ஓடு வேய்வதுபோல் அடுக்கலாம். எழுத்துக் கறுப்பும் தாள் வெளுப்பும் கலந்து, நாலடி தூரத்தில் அசல் சாம்பல் உரோமம்தான். கிழிப்பது சின்னவளின் வேலை, ஒட்டுவது பெரியவனின் வேலை, சண்டையும் இல்லை.

மற்றது தேங்காய்த் தும்பு. உரித்த மட்டையிலிருந்து பிய்த்து, உதறி, கைப்பிடி கைப்பிடியாக ஒட்டினால் அந்தச் செம்பழுப்பு இந்திய ஓநாய்க்கென்றே வந்த நிறம். மகன் தும்பைப் பசையில் தோய்த்து அழுத்திய இடமெல்லாம் அவனுடைய பெருவிரல் தும்போடு சேர்ந்து எழும்பியது. ஒருமுறை விரலை இழுத்தபோது புருவம் முழுவதும் கூடவே வந்துவிட்டது. பசையை அட்டையில் பூசி, தும்பை மேலே வைத்து, ஒரு கடதாசித் துண்டால் அழுத்தினால் இந்த வம்பு இல்லை. இருமல், இழுப்பு உள்ள பிள்ளைக்குத் தும்புத் தூசி ஆகாது, அவர்களுக்குப் பத்திரிகைத் தாள்தான்.

பசை பற்றியும் சொல்லியாக வேண்டும். கோதுமை மாவைக் காய்ச்சிய பசை காசு மிச்சம், பிள்ளை விரலைச் சூப்பினாலும் பயமில்லை. ஆனால் நம் வீட்டுக் கரப்பான் பூச்சிக்கு அது இரவுச் சாப்பாடு. எங்கள் முதல் முகமூடியின் இடது காதைக் காலையில் காணவில்லை. பூச்சி வராமலிருக்கப் பழைய புத்தகம் கட்டுபவர்கள் துரிசு கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் தொடுகிற எதிலும் வேண்டாம். கடையில் விற்கும் வெள்ளைப் பசை காயத் தாமதமானாலும் காது பத்திரமாக இருக்கும்.

முழு முகத்தையும் மூடிச் செய்யாதீர்கள். இந்த வெக்கையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்தப் பிள்ளையும் அதைப் போட்டிருக்காது. மூக்குக்குக் கீழே வெட்டிவிட்டால் மூச்சும் விடலாம், ஊளையும் இடலாம். கண் துளை வெட்டுவது பெரியவர்களின் வேலை, பிள்ளையின் முகத்தில் அட்டையை வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டு வெட்டுங்கள். முகமூடியோடு தொடர்மாடிப் படிக்கட்டில் ஓட விடாதீர்கள், பக்கப் பார்வை போய்விடும்.

ஊளை என்றதும் ஒன்று. ஓநாயின் ஊளை காட்டில் சுமார் 10 கிலோமீற்றர் வரை கேட்கும் என்பார்கள். வெள்ளவத்தையில் ஊளையிட்டால் கொட்டாஞ்சேனைக்குக் கேட்கும், காலி வீதியின் ஹோர்ன் சத்தம் ஓய்ந்தால். எங்கள் மகன் இதைச் சோதித்துப் பார்த்த மாலை, கீழ்மாடி ஐயா மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

காகித மடிப்பு வழியையும் சிலர் கேட்கிறார்கள். சதுரத் தாள் ஒன்று போதும், பசையும் வேண்டாம். எட்டு வயதுக்கு மேல் பொழுது போகும். ஆனால் எளிய மடிப்புகளெல்லாம் முடிவில் நரியாகவோ நாயாகவோ நிற்கின்றன, கண்ணை மஞ்சளாக வரைந்து சமாளிக்க வேண்டியிருக்கிறது.

கடதாசிப் பைப் பொம்மை

என் வாக்கு இதற்குத்தான். தட்டை அடியுள்ள பழுப்புக் கடதாசிப் பை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தால், மடிந்திருக்கும் அடிப்பாகம் முகம், அந்த மடிப்பின் இடுக்கு வாய். உள்ளே கையை விட்டு விரலை மடக்கினால் ஓநாய் பேசும். பேக்கரிப் பையில் எண்ணெய்க் கறை இருக்கும், அதனால் நல்ல பைக்குக் கொஞ்சம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் நீளமான பழுப்புக் கடித உறையை ஒட்டி மூடி, நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் குறுக்கே வெட்டி மடியுங்கள். மேல் பாதியில் நான்கு விரல், கீழ்ப் பாதியில் பெருவிரல், அதுவும் பேசும். கொப்பிக்கு உறை போட்ட பழுப்புக் கடதாசியில் மிஞ்சிய துண்டு காதுக்குப் போதும்.

காது இரண்டும் முக்கோணம், நேர்வெட்டு, ஏழு வயதுக் கத்தரிக்கோலுக்குச் சரி. பல்லுக்கு வெள்ளைத் தாளைக் கிழித்தாலே கூராக வரும். ஓநாய்க்கு மொத்தம் 42 பல். அதைச் சொன்னது என் பிழை. மகன் எண்ணி ஒட்டத் தொடங்கி, பதினேழில் வாயில் இடம் தீர்ந்தது. வாலைக் கீழே தொங்கவிட்டுப் பின்னால் ஒட்டுங்கள். மேசை துடைக்கப் பத்து நிமிடம், காய்வதற்கு அரை மணி நேரம். வியாழன் இரவு எட்டு மணிக்குத் தொடங்கினாலும் வெள்ளிக்கிழமைக்கு ஓநாய் தயார்.

குறையும் உண்டு. பை ஒரு வாரம்தான் தாங்கும், வியர்த்த கை போய் வர அடிப்பக்கம் கிழியும். மேடையில் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பழுப்புப் பை மட்டுமே. போட்டிக்கென்றால் முகமூடியிடம் தோற்றுப்போகும்.

ஆனால் செய்து முடித்த பிறகும் வேலை இருக்கிற பொருள் இது ஒன்றுதான். தீட்டிய தாளைச் சுவரில் ஒட்டுகிறோம், முகமூடியை ஆணியில் மாட்டுகிறோம். பொம்மைக்குக் கதை வேண்டும். ஓநாய் வருகிறது என்று பொய் சொன்ன இடையன் கதை நம்மிடம் வந்தபோது ஓநாய் புலியாகிவிட்டது, அதை மீண்டும் ஓநாயிடம் கொடுத்துப் பார்த்தோம், நன்றாகவே பொருந்தியது. பிறகு, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்ற பழமொழியை எடுத்தோம். இன்னொரு பையில் ஆடு செய்தோம். மகன் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஓநாயை அழவைத்தான். நான்கு வயது மகள் ஆட்டைப் பிடித்திருந்தாள்.

"பாவம், ஓநாய் நல்லது" என்றாள் அவள்.

"நல்லது இல்லை. நனைந்தால் நீ உள்ளே வருவாய், வந்தால் சாப்பிடலாம்" என்றான் அண்ணன்.

அவள் ஆட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஓநாயின் மஞ்சள் கண்ணையே பார்த்தாள். அதில் ஒட்டுவதற்காக நீலக் கடதாசியில் இரண்டு கண்ணீர்த் துளி கிழித்து வைத்திருந்தாள். ஒட்டுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. இரண்டும் சாப்பாட்டு மேசை ஓரத்தில், பசைப் போத்தலுக்குக் கீழே கிடக்கின்றன.